குட்டிக்குப் பூச்சி மருந்து

அண்ணன் தம்பி பேசிக்கொள்வதில்லை என்பது உலகத்தில் நடக்காத விஷயம் இல்லை. ஆனால் மற்றவர்கள் சண்டை போட்டால் ஆளுக்கொரு திசையில் போய்ப் பிழைத்துக்கொள்வார்கள். இந்த இரண்டு பேரும் ஒரே வீட்டில் படுத்து எழுந்து, ஒரே அடுப்பில் பொங்கியதைத் தின்று, ஒரே கடையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிக்கொண்டே பேசாமல் இருந்தார்கள். அதற்கெல்லாம் தனி வீம்பு வேண்டும். இரண்டு பேருக்கும் அது தாராளமாகவே இருந்தது.

தெருவில் அவர்களைப் பெரியவர், சின்னவர் என்பார்கள். சின்னவருக்கே தலை முழுக்க நரைத்துவிட்டது, இருந்தும் சின்னவர்தான். கல்யாணம் ஆகவில்லை. ஆகவிடவில்லை என்பது அவருடைய கட்சி. வாலிப வயதில் ஒரு பெண்ணைப் பார்த்து, பிடித்து, பேச்செல்லாம் முடிந்து, பெண்ணின் அப்பா கடைசியாக ஒரு தடவை வீட்டுக்கு வந்திருந்தபோது பெரியவர் தானாகவே வாயைத் திறந்தார்.

"நாளைக்கு மறைச்சுட்டாங்கன்னு யாரும் சொல்லக்கூடாது பாருங்க. இவனுக்குச் சின்ன வயசுல வலிப்பு வரும். இப்ப இல்ல, நின்னு ரொம்ப வருஷம் ஆச்சு."

வந்தவர் டீயைக் குடித்து முடித்தார், தலையை ஆட்டினார், எழுந்து போனார். போனவர் போனவர்தான்.

"உண்மையத்தானடா சொன்னேன்" என்றார் பெரியவர். "உன்னை யாரு கேட்டா" என்றார் சின்னவர். இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசியது அதுதான் கடைசி.

அண்ணி இருந்தவரைக்கும் பெரிய கஷ்டம் தெரியவில்லை. "உங்க அண்ணன் கேக்குறாரு, நாளைக்குக் கடை உண்டா இல்லையான்னு" என்று இந்தப் பக்கமும், "உங்க தம்பி உண்டுங்கிறாரு" என்று அந்தப் பக்கமும் கரண்டியும் கையுமாக நடந்து நடந்தே அந்த அம்மாளின் கால் தேய்ந்தது. அவள் செத்துப்போன அன்றைக்கும் இவர்கள் பேசிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்கள்தான் தபால்காரர்கள். "இதுக்கு பேரிங்கும் போயிடுச்சு, அவர்கிட்ட சொல்லுங்க சார்" என்று, மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்த மனுஷனிடம் பெரியவர் சொல்வார். கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிற ஆளிடம் நான் எதற்குச் சொல்ல வேண்டும் என்று அந்த மனுஷன் திருதிருவென்று முழிப்பார். யாரும் வராத நாளில் கடையில் மெஷின் சத்தம் மட்டும்தான்.

அப்படி இருக்கும்போதுதான் குட்டி வந்து சேர்ந்தது. மூலையில் கை துடைக்கிற வேஸ்ட் துணி மூட்டைக்குள் ஏதோ ஒரு பூனை குட்டி போட்டுவிட்டு, ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய், கடைசி ஒன்றை மட்டும் விட்டுவிட்டது. கண் அப்போதுதான் திறந்திருந்தது. வார்னிஷ் வாடை தாங்காமல் தும்மிக்கொண்டே மூட்டையிலிருந்து தலையை நீட்டிக் கத்தியது. இரண்டு பேரும் வேலையை நிறுத்தினார்கள். யார் முதலில் எழுந்திருப்பது என்று கொஞ்ச நேரம் அதிலும் ஒரு வீம்பு.

"என்ன குட்டி, பசிக்குதா? உங்க சித்தப்பா பாட்டுக்குக் காயில் சுத்திக்கிட்டு உக்காந்திருக்காரு பாரு" என்றார் பெரியவர், குட்டியைப் பார்த்து.

சின்னவருக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியவில்லை. "உங்க பெரியப்பாவுக்குக் கால்ல முள்ளா குத்தியிருக்கு? எந்திரிச்சுப் போய்ப் பால் வாங்கிட்டு வரச் சொல்லு குட்டி."

பெரியவர் எழுந்து போய்ப் பால் வாங்கிவந்தார். சின்னவர் வார்னிஷ் விடுவதற்கு வாங்கிவைத்திருந்த புது சிரிஞ்ச் ஒன்றைப் பிரித்து, ஊசியைக் கழற்றிவிட்டுச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார்.

ஆக, அதற்குப் பெரியப்பா ஒருவர், சித்தப்பா ஒருவர். அப்பா யார் என்று கேட்டால் சொல்வதற்கு ஆளில்லை. பேரும் வைக்கவில்லை. பேர் வைக்க வேண்டுமானால் இரண்டு பேரும் உட்கார்ந்து கலந்து பேச வேண்டும், நடக்கிற காரியமா அது? குட்டி குட்டி என்று கூப்பிட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. "குட்டி, தண்ணி டேங்க் வழியுது, யாரு காதுலயாவது விழுதா?" "குட்டி, சோத்துல உப்பு இல்லன்னு உங்க பெரியப்பாவுக்குச் சொல்லிடு, இன்னிக்கு அவரு கை." "உப்பு வேணும்னா டப்பா எங்க இருக்குன்னு உங்க சித்தப்பாவுக்குத் தெரியாதா குட்டி?" நடுவில் உட்கார்ந்து அது இந்த முகத்தையும் அந்த முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும். குட்டி தூங்கினால் பேச்சு நின்றுவிடும். விழித்ததும், விட்ட இடத்திலிருந்து தொடங்கும். அப்படி ஒரு ஒழுங்கு.

ஒருநாள் சாயங்காலம் குட்டியை மடியில் போட்டுத் தடவிக்கொண்டே பெரியவர் சொன்னார். "உங்க சித்தப்பா மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல குட்டி. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு."

சின்னவர் காதில் விழாதவர் மாதிரி வயரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஆனால் உள்ளே என்னவோ இளகியது. இன்னும் ஒரு படி இருக்கிறது, அவ்வளவுதான். தப்புப் பண்ணிட்டேன் குட்டி என்று ஒரே ஒரு வார்த்தை. அது வந்துவிட்டால் போதும், நாமே எழுந்து போய் அண்ணா என்று கூப்பிட்டுவிடலாம் என்று அவர் மனதில் கணக்குப் போட்டு வைத்திருந்தார். அந்த வார்த்தைக்காக அவர் ஆயுசில் பாதி காத்திருந்தாயிற்று. அது இந்தக் குட்டி வழியாகத்தான் வரும் என்று நம்பினார்.

இந்த நேரத்தில்தான் தெள்ளுப்பூச்சி வந்தது. குட்டி சதா சொறிந்துகொண்டே இருந்தது. பால் குடிக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டுக் காதைச் சொறியும். சின்னவருக்குக் கணுக்கால் முழுக்கத் தடிப்புத் தடிப்பாகக் கடி. வெள்ளைத் துண்டில் போட்டு மயிரை விலக்கிப் பார்த்தால், மிளகுத்தூள் மாதிரி ஊர்ந்தது, குதித்தது.

"உடம்புல இருக்குற ரத்தத்தை எல்லாம் பூச்சியே குடிச்சிடும் போலிருக்கு குட்டி. உங்க பெரியப்பா வெளிய போனா உனக்கு ஒரு பூச்சி மருந்து வாங்கிட்டு வரச் சொல்லு."

கடை விடுமுறை அன்று பெரியவர் மிருக மருந்துக் கடைக்குப் போய் வாங்கிவந்தார். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் டியூப், அட்டையிலிருந்து கத்தரித்துக் கொடுத்தது. அதில் இருந்த எழுத்தைப் படிக்க எறும்பின் கண்தான் வேண்டும். மேஜையில் வைத்துவிட்டு, "பிடரியில மயிரை விலக்கிட்டுப் பிதுக்கி விடணுமாம் குட்டி, ஒரே தடவைதானாம்" என்றார். பிறகு சாப்பிட உட்கார்ந்தார். சின்னவர் டியூபைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குட்டியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மத்தியானத் தூக்கத்துக்குக் குட்டி அவருடையது. காலை முழுக்கப் பெரியப்பா மடியில்தானே கிடந்தது என்பது அவர் நியாயம். இந்த வயதில் இப்படி ஒரு பங்கு பிரிப்பு.

ஒரு தூக்கம் போட்டு எழுந்து, குட்டியை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, டியூபின் மூடியைத் திருகலாம் என்று எடுத்தபோது வெளியே செருப்புச் சத்தம் வந்து கதவருகே நின்றது. தொண்டையைச் செருமும் சத்தம்.

"குட்டி" என்றார் பெரியவர், வெளியிலிருந்து.

குட்டியின் காது நிமிர்ந்தது. இதுதானே வேண்டாம் என்று நினைத்தார் சின்னவர். கொஞ்ச நேரம் நம்மிடம் இருந்தால் பொறுக்காதே, உடனே கூப்பிட்டு எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அவர் குட்டியின் முதுகில் கையை வைத்து அமர்த்திக்கொண்டு மூச்சுக் காட்டாமல் கிடந்தார்.

"குட்டி" என்றது இன்னொரு தடவை, முதலில் கூப்பிட்டதைவிடச் சன்னமாக. செருப்பு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. ஏதோ சொல்ல வந்திருக்கிறார் என்று சின்னவருக்குத் தெரியத்தான் தெரிந்தது. சொல்லட்டுமே, சாயங்காலம் சொல்லட்டும், ஓடியா போகப்போகிறோம் என்று இருந்தார். செருப்பு போய்விட்டது. சின்னப் பையன் விளையாட்டில் ஜெயித்த மாதிரி அவருக்கு ஒரு அற்ப சந்தோஷம். மூடியைத் திருகி, குட்டியின் பிடரி மயிரை விலக்கி, டியூபை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் பிதுக்கிவிட்டார்.

வெயில் தாழும் நேரத்தில் குட்டியின் காது துடிக்க ஆரம்பித்தது. ஈ உட்கார்ந்தால் உதறுமே, அப்படி. ஆனால் ஈ இல்லை. மருந்து சில்லென்று இருக்கிறது போல என்று நினைத்துச் சின்னவர் விட்டுவிட்டார். பிறகு ஒரு முன்னங்கால் தனியாக உதறியது. நடந்தபோது பின்பக்கம் சாய்ந்தது. வாயோரம் எச்சில் வழிந்தது. கண் முழுக்கக் கருமணியாகி, பார்த்துக்கொண்டிருந்ததே தவிர அவரைப் பார்க்கவில்லை. தூக்கினார். கைக்குள்ளேயே உடம்பு விறைத்து, தலை பின்னுக்கு வளைந்து, நாலு காலும் வெட்டி வெட்டி இழுத்தது.

"அண்ணா" என்றார் சின்னவர். தன் வாய்தான் கூப்பிட்டது என்று அவருக்கே உறைக்கவில்லை.

பெரியவர் ஓடிவந்தார். சின்னவர் குட்டியை இரண்டு கையாலும் தரையோடு அமுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தார்.

"அமுக்காத. விடு" என்றார். "ஒருக்களிச்சுப் போடு. வாயில எதையும் வைக்காத, எச்சி தானா வெளிய போகட்டும்."

நாற்காலியை ஒரு காலால் தள்ளிவிட்டார். தோளில் கிடந்த துண்டை மடித்துக் குட்டியின் தலைக்கு அடியில் செருகினார். அந்தக் கைகளில் பதற்றமே இல்லை. பழகின கைகள். பழகியது யாரிடம் என்று சின்னவருக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. வலிப்பு வந்தவனுக்குத் தன் வலிப்பு தெரியாது. விழிக்கும்போது தலைக்கு அடியில் அண்ணனின் சட்டை சுருட்டி வைத்திருக்கும், அண்ணன் வெற்றுடம்போடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பான், அது மட்டும்தான் அவருக்கு ஞாபகம். இப்போதுதான் முதல் தடவையாக வெளியிலிருந்து பார்க்கிறார். இதை ஒரு சின்னப் பையன் தனியாக உட்கார்ந்து எத்தனை தடவை பார்த்திருப்பான் என்று நினைத்தார்.

"நிக்கும்டா. தானா நிக்கும்" என்றார் பெரியவர், குட்டியைப் பார்க்காமல் தம்பியைப் பார்த்து.

நின்றது. உடனே மறுபடியும் வந்தது.

மிருக மருத்துவமனையில் டாக்டரம்மா இளவயதுப் பெண். முதல் கேள்வியே, "உடம்புல என்ன போட்டீங்க?" சின்னவர் சட்டைப்பையிலிருந்து காலி டியூபை எடுத்துக் கொடுத்தார். டாக்டரம்மா அதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் படித்தார்.

"இது நாய்க்குப் போடுறது சார். நாய்க்குட்டிக்கு. பூனைக்கு ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. நாய் உடம்பு இதைக் கரைச்சு வெளிய அனுப்பிடும், பூனையால முடியாது. அதுலயும் இது குட்டி. நரம்பு முழுக்க ஏறியிருக்கு."

"மாத்து மருந்து?" என்றார் பெரியவர்.

"அப்படி ஒண்ணும் இல்ல சார். தோல்ல இருக்குறத கழுவணும், நடுக்கத்துக்கு ஊசி போடணும், சூடு குறையாம பாத்துக்கணும். போட்ட உடனே வந்திருந்தா வேற. பாக்குறேன், ஆனா நம்பிக்கை குடுக்க மாட்டேன்."

வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். நனைந்ததும் குட்டி பாதியாகிவிட்டது. தலையும் எலும்பும்தான் இருந்தது. ஊசி போட்டு, பெரியவரின் துண்டில் சுற்றி உள்ளே கொண்டுபோனார்கள். அண்ணனும் தம்பியும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சின்னவரின் சட்டை முன்பக்கம் சோப்பு நுரை.

பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "குட்டிக்குப் பூச்சி மருந்து குடுங்கன்னு கடைக்காரன்கிட்ட கேட்டேன். எத்தனை மாசக் குட்டின்னான். ரெண்டு மாசம் தாண்டியிருக்கும்னேன். பூனைன்னு நானும் சொல்லல, அவனும் கேக்கல. நமக்குக் குட்டின்னா குட்டிதானே. வெளிய வரும்போது, பிடரியில போட்டாத்தான் நாய்க்கு எட்டாது, நக்காதுன்னான். ஏதோ பேச்சுக்குச் சொல்றான்னு வந்துட்டேன். சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதுதான் அந்த நாய்ங்கிற வார்த்தை திரும்ப வந்துச்சு. கை கழுவிட்டு ஓடினேன். கடைய மூடிட்டான்."

"அப்புறம்?"

"வந்து உன் கதவுகிட்ட நின்னேன். போடாத, இருன்னு சொல்லத்தான். குட்டி உள்ள இருந்துச்சு. கூப்பிட்டேன், வரல. கதவைப் பாத்துச் சொன்னா அது உன்கிட்ட பேசுற மாதிரி ஆயிடும்." அவர் நிறுத்தினார். "அப்படியே பழகிப்போச்சுடா. வாய் வரல. எந்திரிச்சு வெளிய வந்ததும் சொல்லிக்கலாம்னு போயிட்டேன்."

அந்த நேரத்தில் சின்னவர் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றுதான். நீ நின்றது எனக்குத் தெரியும், கூப்பிட்டது கேட்டது, மூடிகூடத் திருகவில்லை அப்போது. சொல்லியிருந்தால் பாரம் இரண்டு தோளிலும் இறங்கியிருக்கும். ஆனால் நாக்கில் வந்து நின்றது வேறு. இத்தனை வருஷம் ஊறப்போட்டது.

"சொல்லக்கூடாத எடத்துல கேக்காமலே சொன்ன. சொல்ல வேண்டிய எடத்துல வாய மூடிக்கிட்டுப் போயிட்ட. ரெண்டு தடவையும் எனக்குத்தான் போச்சு."

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

விடிந்த பிறகு டாக்டரம்மா வெளியே வந்து, கையுறையைக் கழற்றிக்கொண்டே, "முடிஞ்சிடுச்சு சார்" என்றார். கடைசி வரைக்கும் நடுக்கம் நிற்கவே இல்லையாம். அதே துண்டில் சுற்றிக் கொடுத்தார்கள். கனமே இல்லை. ஒரு சின்ன ஃபேன் மோட்டார்கூட அதைவிடக் கனக்கும். கடைக்குப் பின்னால் பெரியவர் குழி தோண்டினார். தேவைக்கு மேல் ஆழமாகத் தோண்டிக்கொண்டே போனார். போதும் என்று சின்னவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவினார்கள். சின்னவர் கட்டிலில் போய் உட்கார்ந்தார். பெரியவர் அறை வாசலில் வந்து நின்றார். கதவு திறந்துதான் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றார். "நான் வந்து கூப்பிட்டேனே, அப்ப போட்டு முடிச்சிருந்தியா?"

அந்த முகம் எதற்காக ஏங்குகிறது என்று சின்னவருக்குப் புரிந்தது. போட்டு முடித்துவிட்டேன் என்று ஒரு பொய் சொன்னால் அண்ணன் பிழைத்துக்கொள்வார். போடவில்லை, நீ கூப்பிட்டது கேட்டது, வேண்டுமென்றேதான் கிடந்தேன் என்று உண்மையைச் சொன்னாலும் பிழைத்துக்கொள்வார். ஒரு சொல் கொல்லும் என்பார்கள், சொல்லாத சொல்லும் கொல்லும் என்பதை நேற்றுத்தான் பார்த்திருக்கிறார். பார்த்து என்ன பிரயோஜனம்? உண்மையில் பாதியை எடுத்து, பொய்யில் பாதியைச் சேர்த்து, இருப்பதிலேயே மோசமான பதிலைச் சொன்னார்.

"போடல. நீ கூப்பிட்டது கேக்கல."

பெரியவர் தலையை ஆட்டினார். டீயைக் குடித்துவிட்டு எழுந்துபோன ஒரு மனுஷனைப் பார்த்துக்கொண்டு சின்னவர் ஒருகாலத்தில் நின்றாரே, அந்த முகம்தான் இப்போது அண்ணனுக்கு இருந்தது.

"கொஞ்சம் சத்தமா கூப்பிட்டிருக்கணும்" என்றார். "தப்பு பண்ணிட்டேன்டா."

இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை இப்படித்தான் வந்தது, நேராக, நடுவில் யாரும் இல்லாமல். சின்னவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இல்லண்ணா என்று சொல்ல வாயைத் திறந்தார், வாய் வரவில்லை. பெரியவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது அவர்கள் பேசுகிறார்கள். தெருவில் எல்லோருக்கும் ஆச்சரியம், ஒரு பூனை செத்து அண்ணன் தம்பியைச் சேர்த்துவைத்தது என்று சொல்கிறார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன தெரியும்? பெரியவர் ஒன்றையும் விடாமல் சொல்கிறார். பால் பொங்கிவிட்டது, இறக்கிவிட்டேன் என்கிறார். வெளியே போகிறேன் என்கிறார், வந்துவிட்டேன் என்கிறார். இந்த மோட்டாரில் ஒரு பக்கம் சூடு ஏறுகிற மாதிரி இருக்கிறது, நிச்சயமாகத் தெரியாது, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன் என்கிறார். சொல்லாமல் விட்ட ஏதோ ஒன்றால் இன்னும் யாராவது செத்துப்போவார்கள் என்கிற பயம் அவர் கண்ணில் எப்போதும் இருக்கிறது. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவந்து சொல்கிறார். இளைத்துவிட்டார்.

சின்னவர் ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்திருக்கிறார். காலையில் சொல்லாதது மத்தியானம் இன்னும் கனக்கிறது, சாயங்காலம் தூக்கவே முடிவதில்லை. இனிமேல் சொன்னாலும் என்ன ஆகப்போகிறது, இத்தனை நாள் என்னை ஏன் வேகவைத்தாய் என்று கேட்டால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? அதனால் நாளைக்கு என்று தள்ளிவிடுகிறார்.

"கேஸ் அணைச்சிட்டேன்" என்று வாசலில் நின்று சொல்கிறார் பெரியவர். பதில் வரத் தாமதமானால், பயந்துபோய், இன்னும் உரக்க இரண்டாவது தடவை சொல்கிறார். "கேஸ் அணைச்சிட்டேண்டா, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்கிறார் சின்னவர்.